பிள்ளைகளோடு விடிய விடியக் கூத்துப் பார்க்கலாமா?

மேலத்தெரு மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் சொந்த ஊர் செய்யாற்றுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். சில ஆண்டுகள் நின்று போயிருந்த பாரத விழாவை இந்த ஆண்டு அங்கே திரௌபதியம்மன் கோவிலில் மீண்டும் வைத்திருக்கிறார்கள். பிற்பகலில் பாரதப் பிரசங்கம், அதன் கடைசிப் பத்து நாட்களில் இரவுக் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும் என்று நோட்டீஸ் அச்சாகி வந்திருக்கிறது. என் மாமியாருக்கு 71 வயது. முழங்கால் வலியால் அவதிப்படுகிறவர். ஆனால் அந்த நோட்டீஸைப் பூசை மாடத்தில் வைத்துவிட்டு, "பேரப்பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்கட்டும்" என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6 வயது. சென்னையில் இருக்கிறோம். எங்களால் இரண்டு முறைதான் போய்வர முடியும். சூதாட்டமும் துகிலுரிதலும் நடக்கும் பகடை துகில் ஒரு சனிக்கிழமை இரவு வருகிறது. கடைசி இரவான பதினெட்டாம் போர் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இரவும், படுகளம் சனிக்கிழமை காலையும் வருகின்றன. இடையில் உள்ள அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் எல்லாம் வேலை நாட்களில் போய்விடுகின்றன.

நான் திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவள். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் எனக்குத் தெரியும், தெருக்கூத்து மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும் ஒன்றில் சிறு பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்? ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்குத் துகிலுரிதலைக் காட்டலாமா? அல்லது படுகளத்துக்கு மட்டும் போனால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம் அம்மா. சிறு பிள்ளைகள் இருந்தால் படுகளம் ஒன்றே போதும் என்பது என் கருத்து. அது பகலில் நடக்கிறது. கோவிலுக்கு எதிரே உள்ள திடலில் துரியோதனனை மண்ணால் மல்லாந்த நிலையில் பெரிதாகச் செய்து, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சுற்றி ஓடுவதே பெரும் மகிழ்ச்சி. வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவின் மேலேயே ஏறி நின்று கதாயுதத்தால் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் தொடைப் பகுதியில் வைத்திருக்கும் செந்நீர் தெறிக்கும். அம்மன் கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. இரவுக் கண்விழிப்பும் இல்லை, குளிரும் இல்லை, ஊரே கூடியிருக்கும். மாமியாருக்கும் சிரமம் இருக்காது.


களரிப் பாய் எழுதியது:

பாலாற்றங்கரை ஐயா சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். என் தந்தை ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை வாசித்தவர். சிறு வயதில் நான் வீட்டில் தூங்கிய இரவுகளுக்கு இணையாக, கூத்தாடும் களமான களரியின் ஓரத்துப் பாயிலும் தூங்கியிருக்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், "எப்படி உட்கார்ந்திருப்பார்கள்" என்ற கவலையை விட்டுவிடுங்கள். கூத்தில் யாரும் விடிய விடிய உட்கார்ந்திருப்பதில்லை. அரங்கில் நாற்காலிக்குள் அடைபட்டு, இருமினாலும் அடுத்தவர் திரும்பிப் பார்க்கும் நாடகம் அல்ல அது. வீட்டிலிருந்து பாயும் போர்வையும் தலையணையும் கொண்டுவந்து, குடும்பம் குடும்பமாக விரித்து, பார்த்து, படுத்து, எழுந்து, தேநீர் குடித்து, மறுபடியும் பார்க்கும் கலை அது. ஆட்டமும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. ஒரு செய்தியை விருத்தமாகப் பாடுவார்கள், அதையே தரு என்னும் ஆட்டப் பாட்டாகப் பாடி ஆடுவார்கள், பிறகு வசனமாகப் பேசுவார்கள். இடையில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் புகுந்து, "என்ன மகாராசா சொன்னீங்க?" என்று கேட்டு இன்னொரு முறை சொல்ல வைப்பான். அரை மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தவருக்கும் கதையின் நூல் கையிலேயே இருக்கும். பிள்ளை தூங்கினால் தூங்கட்டும். எப்போது எழுப்புவது என்பதுதான் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டிய வித்தை.

பத்து மணி அளவில் களரி கட்டுவார்கள். மிருதங்கம், ஆர்மோனியப் பெட்டி, தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து ஆள் வருவதற்கு முன்பே ஊரைக் கூப்பிடும் முழக்கம் அது. முகவீணை நாகசுரத்தின் தம்பி போலச் சிறியது, ஆனால் குரல் வயல் தாண்டிக் கேட்கும். பிறகு கடவுள் வாழ்த்து, கட்டியக்காரன் வருகை. அதன்பின் வரும் திரைப் பிரவேசத்தை உங்கள் மகன் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் இருந்து அரச வேடக்காரர் பாடுவார். துணிக்குக் கீழே சலங்கை கட்டிய பாதங்கள் மட்டும் தெரியும். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் ஆடும். முகம் தெரிய எவ்வளவோ நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பில் பிள்ளைகளுக்குத் தூக்கம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

இந்தக் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் எடை குறைந்த கலியாண முருங்கை போன்ற மரங்களில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டிச் செய்யப்படுபவை. இவற்றைக் கட்டை என்பார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. ஒன்பது மணிக்கே போய், வேடம் கட்டும் கொட்டகையில் பிள்ளைகளை ஒரு கால் மணி நேரம் நிற்க வையுங்கள். அரிதாரத்தை எண்ணெயில் குழைத்து ஒரு சாதாரண மனிதர் தம் முகத்தில் மெல்ல மெல்லத் துரியோதனனை வரைந்துகொள்வதைப் பார்த்த பிள்ளை, பின்னால் அந்தத் துரியோதனன் களரியில் உறுமும்போது அலறாது.

இனி எந்த இரவு என்ற கேள்வி. பகடை துகிலும் படுகளமும் இரண்டு தனி நிகழ்ச்சிகள் அல்ல. முதலாவதில் திரௌபதி கூந்தலை அவிழ்த்துச் சபதம் செய்கிறாள், இரண்டாவதில் முடிகிறாள். நடுவில் உள்ள இரவுகள் அனைத்தும் அந்த அவிழ்ந்த கூந்தலுக்கு உள்ளேதான் நடக்கின்றன. அவிழ்த்ததைப் பார்க்காத பிள்ளைக்குப் படுகளம் ஒரு மண்பொம்மையும் சிவப்புத் தண்ணீரும்தான். இரண்டு முறைதான் வர முடியும் என்று நாள்காட்டி உங்களைக் கட்டியிருக்கிறது. அந்த இரண்டும் இவையாக அமைந்தது உங்கள் மாமியாரின் நல்வினை என்றே நான் சொல்வேன்.


இரு மகள்களின் தந்தை எழுதியது:

களரிப் பாய் அவர்களின் அன்பை மதிக்கிறேன். ஆனால் எதிர்க்கருத்தும் இங்கே பதிவாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள்கள் இருவரையும் ஒரு கூத்துக்கு அழைத்துச் சென்றேன். ஊரையும் ஜமாவையும் குறிப்பிட விரும்பவில்லை. பதினொரு மணிக்குள்ளேயே கட்டியக்காரன் இரட்டைப் பொருளில் பேசத் தொடங்கினார். முன்வரிசையில் நின்ற இளைஞர்கள் விசிலடிக்க விசிலடிக்க அவர் பேச்சு இன்னும் கீழே இறங்கியது. கதைக்குத் தொடர்பே இல்லாமல் திரைப்பாட்டுக்கு ஒரு பெண்வேடக்காரர் ஆடினார். என் மூத்த மகள், "அப்பா, இவர் என்ன சொல்கிறார், எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

துகிலுரிதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் சேலையை நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்திருக்கும் இடத்தில் இழுக்கும் காட்சியை, அது எத்தனை பழைமையான காட்சியாக இருந்தாலும், ஒன்பது வயதுப் பெண்குழந்தை பார்க்கத்தான் வேண்டுமா? அந்தக் குழந்தைக்கு அது எந்த வகையில் உதவும்? கலையின் மேன்மையைப் பற்றி நாம் பெரியவர்கள் பேசிக்கொள்ளலாம். இரவில் கனவு கண்டு விழித்து அழப்போவது அந்தக் குழந்தைதான்.


களரிப் பாய் எழுதியது:

ஐயா, தங்கள் வருத்தம் நியாயமானது. அப்படிப்பட்ட பேச்சு நடப்பதில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பாட்டுக்கு ஏடு உண்டு, வசனத்துக்கும் நகைச்சுவைக்கும் ஏடு கிடையாது. கட்டியக்காரன் எதிரே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேசுகிறார். முன்வரிசையைக் குடித்துவிட்டு வந்தவர்களிடம் ஊர் விட்டுக்கொடுத்தால் பேச்சு அவர்களுக்காக நடக்கும், தாய்மாரும் பிள்ளைகளும் நிரம்பியிருந்தால் அவர்களுக்காக நடக்கும். குடும்பங்கள் வராமல் போனதும் பேச்சு கெட்டதும் ஒன்றையொன்று வளர்த்த தீமைகள் என்பது என் எண்ணம்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழியும் உண்டு. விழாக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் மாலையிலேயே ஜமாவை நடத்தும் வாத்தியாரைப் பார்த்து, "இன்றைக்குப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், கதையோடு நிற்கட்டும், சினிமாப் பாட்டு வேண்டாம்" என்று வெற்றிலைத் தட்டு வைத்துச் சொன்னால், பெரும்பாலும் அந்த வார்த்தைக்கு மரியாதை கிடைக்கும். என் தந்தையின் வாத்தியார் இப்படிச் சொல்லப்பட்ட இரவுகளில் கட்டியக்காரனைத் தனியே அழைத்து எச்சரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

துகிலுரிதல் பற்றி. தாங்கள் திரைப்படத்தில் வரும் காட்சியை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. களரியில் நடப்பது வேறு. துச்சாதன வேடக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் கைகூப்பி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டுவார். அந்த நேரத்தில் எதிரே நிற்பது வேடம் கட்டிய ஓர் ஆண் என்ற நினைவு ஊரில் எவருக்கும் இருக்காது, அம்மனாகவே பார்ப்பார்கள். பெண்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சில வேடக்காரர்களுக்கு அருள் வந்து, பிடித்து உட்கார வைக்கும்படி ஆகிவிடும். சேலை வளர்ந்துகொண்டே போகும், இழுத்தவன் சோர்ந்து விழுவான். அங்கே அவமானப்பட்டு நிற்பவன் யார் என்பதில் எந்தக் குழந்தைக்கும் ஐயம் வராது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். இருவர் சொல்வதிலும் உள்ளதை எடுத்துக்கொண்டு ஒரு யோசனை சொல்கிறேன்.

பிள்ளையைக் கதை தெரியாமல் கூட்டிப் போகாதீர்கள். போவதற்கு முந்தைய வாரம் நாளுக்குக் கொஞ்சமாகப் பாட்டியை விட்டே கதையைச் சொல்ல வையுங்கள். குறிப்பாக, சபையில் திரௌபதி கேட்கும் கேள்வியை உங்கள் மகளுக்குச் சொல்லிவிடுங்கள். தருமன் தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னை இழந்து அடிமையாகிவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? வீட்டுமர் (பீஷ்மர்) முதலான பெரியவர்கள் விடை சொல்ல முடியாமல் இருக்கிறார்கள். கௌரவர்களிலேயே விகர்ணன் ஒருவன் எழுந்து, இது முறையல்ல என்கிறான். ஒன்பது வயதில் பிள்ளைகளுக்கு நியாயம் என்பது மிகக் கூர்மையாகப் புரியும். ஆட்டத்தில் உங்கள் மகள் சேலையை விட அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பாள். நாற்பது ஆண்டு வகுப்பறையில் கண்டதை வைத்து இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. இரவுக் கூத்துக்கு மட்டும் போகாமல் அன்று பிற்பகல் பிரசங்கத்திலும் சற்று நேரம் அமருங்கள். பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து ஒரு விருத்தத்தைப் பாடுவார், பக்கத்தில் ஆர்மோனியம் ஒத்துழைக்க, அதை விரித்துக் கதை சொல்வார். 4,000-க்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட அந்த நூல் பதினெட்டாம் நாள் போரோடு முடிந்துவிடுகிறது. விழாவும் அங்கேயே முடிகிறது. பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் பார்ப்பது என்ற இந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவர்களை விடச் சிறந்த ஆசிரியரை நான் அறியேன்.


அடையாற்றுக்காரன் எழுதியது:

சென்னையிலேயே அவ்வப்போது ஒன்றரை மணி நேர அளவில் சுருக்கிய கூத்துகள் நடக்கின்றனவே. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் மரபில் வந்தவர்கள் நகர மேடைகளிலும் ஆடியிருக்கிறார்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நடிகர்கள் கண்ணப்பத் தம்பிரானிடமே பயிற்சி பெற்றார்கள். நல்ல ஒலி, நல்ல ஒளி, வேண்டாத பேச்சு இல்லை. குழந்தைகளுக்கு முதல் அறிமுகம் அங்கே கிடைத்தால் போதாதா?


களரிப் பாய் எழுதியது:

முதல் அறிமுகத்துக்கு நல்லதுதான் நண்பரே. அந்த மேடைகள் இல்லாவிட்டால் இந்தக் கலையைப் பற்றி நகரத்தில் பலருக்குத் தெரிந்தே இருக்காது. காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பின்னாளில் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று வேடம் கட்டினார்கள். ஆண்களே எல்லா வேடமும் கட்டிவந்த கலையில் அது எளிய செய்தி அல்ல. அவர்கள் ஆடும் நிகழ்ச்சி கிடைத்தால் இந்த அம்மா தம் மகளைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும்.

ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது காத்திருப்புத்தான். திரைக்குப் பின்னால் அரை நொடி நின்றுவிட்டு வேடக்காரர் வெளியே வந்தால் அது வெறும் நுழைவு. மேலும், பேத்தி நகர மேடையைப் பார்க்கும்போது பாட்டி பக்கத்தில் இருந்து, "நான் உன் வயதில் இருந்தபோது பெட்ரோமாக்ஸ் விளக்கில் இதே துச்சாதனனைப் பார்த்துப் பயந்தேன்" என்று சொல்ல மாட்டார். இந்த இழையைத் தொடங்கியவர் கேட்டதும் கலையைப் பற்றி மட்டும் அன்று, மாமியாரின் ஆசையைப் பற்றியும்தான்.


இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். மற்றவர்கள் விட்டுவிட்டதை மட்டும் சொல்கிறேன். குழாய் ஒலிபெருக்கிகள் கட்டிய கம்பத்தின் அருகே பாய் விரிக்காதீர்கள். பிள்ளைகளின் காதுக்கு அது கெடுதல். மேளக்காரர்கள் அமரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி அமருங்கள். முழங்கால் வலி உள்ளவர் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. முதுகு சாயும் நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய், மறைக்காதபடி பாய்களுக்குப் பின்னால் ஓரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இரவில் பெரிய தொல்லை கழிப்பறைதான். கோவிலை ஒட்டி எந்த வீட்டில் போய்வரலாம் என்று பகலிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். அது தெரியாததால்தான் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் விடிய விடிய இருக்கிறார்கள். டார்ச் விளக்கு, பின்பனிக்குப் போர்வை, கொசுவுக்குத் தடவும் களிம்பு ஆகிய மூன்றையும் மறக்க வேண்டாம். விடிந்ததும் தூக்கமின்றி உங்கள் கணவர் வண்டி ஓட்டிச் சென்னைக்குத் திரும்பக் கூடாது. இதை வேண்டுகோளாக அல்லாமல் கண்டிப்பாகவே சொல்கிறேன்.


மேலத்தெரு மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டுக்கும் போவதென்று முடிவு செய்துவிட்டோம். மாமியார் கதையைத் தொடங்கிவிட்டார். இன்று அரக்கு மாளிகை எரிந்தது. என் கணவரின் பெரியப்பா விழாக் குழுவில் இருக்கிறார், வாத்தியாரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். போய்வந்து எழுதுகிறேன்.


மேலத்தெரு மருமகள் எழுதியது:

பகடை துகில் பார்த்துவிட்டு வந்தோம். சொன்னபடி எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கே கொட்டகைக்குப் போனோம். துரியோதனன் பாதி முகம் சிவந்தும் பாதி முகம் அவராகவும் அமர்ந்து, உதட்டுச் சாயம் கலையாமல் இருக்க உறிஞ்சுகுழல் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் மகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சிரித்துவிட்டு, ஆணியில் தொங்கிய புஜக்கீர்த்தியைக் காட்டி, "தூக்கிப் பாருப்பா" என்றார். அதைத் தூக்கிய பிறகு அவன் யாருக்கும் பயப்படவில்லை. திரைப் பிரவேசத்தின்போது துணிக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்து, "இது அந்த மாமா கால், விரலில் கட்டுப் போட்டிருக்கு" என்று சத்தமாகச் சொன்னான். பன்னிரண்டு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டான். துகில் நேரத்தில் எழுப்ப முயன்றோம், எழவில்லை. பாட்டியின் காலடியில் விடியும் வரை உறங்கினான்.

கட்டியக்காரர் நன்றாகவே பேசினார். ஊர்ச் சாலையைப் பற்றியும், தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும், செல்பேசியில் மூழ்கிய மாப்பிள்ளையைப் பற்றியும் பேசிச் சிரிக்க வைத்தார். ஒரே இடத்தில் பேச்சு வழுக்கப் பார்த்தது. பெரியப்பா எழுந்து நின்றார், அவ்வளவுதான், கதைக்குத் திரும்பிவிட்டார். அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரை அவர் கூவும்போது, மாமியார் பேரப்பிள்ளைகள் பெயரில் பணம் கொடுத்தனுப்பினார். தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்டு என் மகள் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சூதாட்டம் மிக நீண்டது. உண்மையைச் சொன்னால், இரண்டு மணிக்கு மேல் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். மகள்தான் என்னை உலுக்கி எழுப்பினாள். "அம்மா, கேள்வி கேட்கப் போறாங்க!" திரௌபதி களரியின் நடுவில் நின்று சபையை நோக்கிக் கேட்டாள். சபை என்று அங்கே யாரும் இல்லை, நாங்கள்தான் இருந்தோம். எங்களைப் பார்த்துத்தான் கேட்டாள். வீட்டுமரைப் போல நாங்களும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். என் மகள் என் காதில் மிக மெதுவாக, "அவங்க கேட்கறது சரிதானே? ஏன்ம்மா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க?" என்றாள்.

பிறகு கற்பூரம் ஏற்றினார்கள். களரிப் பாய் அவர்கள் எழுதியிருந்தபடியே நடந்தது. முழங்காலை மடக்க முடியாத என் மாமியார், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். அந்தக் காட்சி முடியும் வரை உட்காரவில்லை. துச்சாதன வேடக்காரர் விழுந்தபோது பின்னால் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். என் மகள் அழவில்லை. அன்று பகலில் தூங்கி எழுந்ததும், "அந்தக் கூந்தலை எப்போ முடிவாங்க?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை இரவு முடிந்து சனிக்கிழமை காலையில் என்றேன். அன்றிலிருந்து பள்ளிக்குப் போகும்போது தன் சடையைப் பின்ன விட மாட்டேன் என்கிறாள். ஆசிரியரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு ரப்பர் வளையம் மட்டும் போட்டு அனுப்புகிறேன்.


இரு மகள்களின் தந்தை எழுதியது:

அம்மா, தங்கள் பதிவை என் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். துகில் காட்சியைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கட்டியக்காரர் பேச்சைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உங்கள் ஊரில் எழுந்து நிற்க ஒரு பெரியப்பா இருந்தார். எல்லா ஊரிலும் ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த பாரதம் எங்கே என்று தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், என் மகள்களுக்கு நான் ஒரு கூத்து கடன்பட்டிருக்கிறேன்.


மேலத்தெரு மருமகள் எழுதியது:

படுகளமும் பார்த்துவிட்டோம். வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளை வீட்டில் தூங்க வைத்து, விடிவதற்கு முன் திடலுக்கு அழைத்துப் போனோம். பாலாற்றங்கரை ஐயா சொன்ன மண் துரியோதனன் எங்கள் வீட்டுத் திண்ணையை விட நீளமாக இருந்தான். மகன் அவன் கட்டைவிரல் அருகே நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தான். தேநீர் குடித்த அதே துரியோதனர் இப்போது இரவெல்லாம் ஆடிய களைப்போடு, அரிதாரம் வியர்வையில் வழிய, மண் தொடையின் மேல் நின்றார். வீமன் ஓங்கியபோது என் மகன், "மாமா, பின்னாடி!" என்று கத்திவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. ஒரு பாட்டி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அம்மன் கூந்தல் முடிந்ததும் கூட்டம் முழுவதும் அந்த மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொள்ள முன்னே நெருங்கியது. நாங்கள் மாமியாரை நாற்காலியோடு ஓரமாகவே நிறுத்திக்கொண்டோம். பெரியப்பா மண் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேத்தியைத் தன் முழங்காலுக்கு எதிரே திருப்பி நிறுத்தி, ஒரு வாரம் பின்னாமல் இருந்த கூந்தலைச் சிக்கெடுத்து, இறுக்கமாகச் சடை பின்னிவிட்டார்.